கணக்கு ஒன்று சொல்லும், வகுப்பறை ஒன்று சொல்லும்

மதுரையில் ரூஸ் பீட்டர் என்ற பேரைச் சொன்னால் மீனாட்சி கோயில் கதைதான் முதலில் வரும். இடியும் மழையுமாக இருந்த ஓர் இரவில் ஒரு சிறுமி வந்து கலெக்டரை வீட்டுக்கு வெளியே அழைத்துப் போனாள், அடுத்த நொடி வீடு இடிந்து விழுந்தது, வந்தவள் அம்மன்தான் என்று நம்பிய பீட்டர் அவளுடைய குதிரை வாகனத்துக்குத் தங்க அங்கவடி செய்து கொடுத்தார் என்பது கதை. ஊர் அவருக்குப் பீட்டர் பாண்டியன் என்று பேர் வைத்தது. 1812 முதல் 1828 வரை மதுரையில் கலெக்டராக இருந்த அதே மனிதர் இன்னொரு காரியமும் செய்தார். அதற்குக் கதையும் இல்லை, பட்டமும் இல்லை. 1823 பிப்ரவரியில் சென்னைக்கு ஒரு கணக்கு அனுப்பினார்: மதுரை ஜில்லாவில் 844 பள்ளிக்கூடங்கள், அவற்றில் 13,781 பிள்ளைகள்.

கேட்டவர் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ. ஜனங்களுக்குப் படிப்பு எந்த அளவு இருக்கிறது என்று சர்க்காருக்கே தெரியாது, ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டு 1822 ஜூன் 25 அன்று ஒரு குறிப்பு எழுதினார். கல்வி ஆய்வில் எண்ணையும் விவரிப்பையும் எப்படிச் சேர்ப்பது என்று இன்றைக்குத் தடித்தடியாகப் புத்தகங்கள் வருகின்றன. அந்தப் பேச்செல்லாம் பிறப்பதற்கு நூற்றைம்பது ஆண்டு முன்பே மன்றோ தன் குறிப்பில் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டிருந்தார். எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை, என்ன சாதி என்பதற்குக் கட்டம் போட்ட படிவம். அதோடு, என்ன புத்தகம் படிக்கிறார்கள், எத்தனை காலம் பள்ளியில் இருக்கிறார்கள், மாதச் சம்பளம் எவ்வளவு, பள்ளிக்கு மானியம் உண்டா என்பதை எழுத்தில் விளக்கவும் சொன்னார்.

பதில்கள் வந்தன. சில கலெக்டர்கள் படிவத்தை நிரப்பி நாலு வரியில் முடித்துவிட்டார்கள். பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெலோ உட்கார்ந்து எழுதினார். 533 பள்ளி, 6,641 பிள்ளைகள் என்ற கணக்கைக் கொடுத்ததோடு, காலையில் பள்ளி தொடங்கும் விதத்தையும் விவரித்தார். முதலில் வரும் பையன் உள்ளங்கையில் சரஸ்வதி பேர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனுக்குச் சுழி, அதாவது பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி. நாலாமவனுக்கு இரண்டு. அப்படியே ஏறிக்கொண்டு போகும். கடைசியில் வந்தவன் கதி என்ன என்று யோசித்தால் அன்றைய வருகைப் பதிவேடு எவ்வளவு ஒழுங்காக இருந்திருக்கும் என்று தெரிகிறது! அதே கடிதத்தில் இன்னொன்றும் சொன்னார்: முன்பு பள்ளி இருந்த பல கிராமங்களில் இப்போது இல்லை, சீமைத் துணி வந்து நெசவு படுத்துவிட்டதால் பெற்றோரிடம் காசில்லை. ‘பள்ளிகளின் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் மூடிப்போன பள்ளிக்கு இடமே கிடையாது.

வருவாய் வாரியம் கூட்டித் தந்த கணக்கை மன்றோ பார்த்தார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள், ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துச் சொச்சம் ஜனத்தொகை. ஏறத்தாழ 68 பேருக்கு ஒருவர் பள்ளியில் இருக்கிறார். இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு சோகச் செய்தி கிடைத்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. பெண்களைத் தனியே பிரித்தார், பள்ளி வயது ஆண் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டார், ஏறத்தாழ நாலில் ஒருவர் படிக்கிறார் என்ற இடத்துக்கு வந்தார். அங்கும் ஒரு முரண் நின்றது. சென்னை நகரத்திலிருந்து வந்த தகவலின்படி வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் இருபத்தாறாயிரத்துக்கும் மேல், பள்ளியில் இருப்பவர்களைப்போல் ஐந்து மடங்கு. இந்த எண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோ சந்தேகப்பட்டார். ஆனாலும் வீட்டில் உறவினரிடமும் தனி வாத்தியாரிடமும் படிக்கும் வழக்கம் பரவலாக உண்டு என்று அவருக்குத் தெரியும். அதனால் நாலில் ஒன்று என்ற பின்னத்தை மூன்றில் ஒன்றை நோக்கி நகர்த்தினார்.

இங்கே நடந்ததைக் கவனிக்கவேண்டும். பள்ளியை எண்ணச் சொன்ன படிவம், பள்ளிக்கு வெளியே நடந்த படிப்பைத் தவறவிட்டது. ஊர் வழக்கம் அறிந்த ஒருவர் அந்த ஓட்டையைக் காட்டினார். கணக்கு திருத்தப்பட்டது. எதிர்த்திசையிலும் இதே வேலை நடந்தது. மேல்சாதிப் பிள்ளைகள்தான் அக்காலத்தில் படித்தார்கள் என்பது பலருடைய எண்ணம். இந்தப் பதில்களை ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்து 1983இல் புத்தகமாக்கிய தரம்பால், தமிழ் பேசும் ஜில்லாக்களின் சாதிக் கட்டங்களைக் கூட்டிக் காட்டியபோது, பள்ளிப் பிள்ளைகளில் பிராமணரும் வைசியரும் சேர்ந்தே கால்வாசியைத் தாண்டவில்லை என்று தெரிந்தது. எந்தக் கடிதமும் சொல்லாததை ஒரு கூட்டல் சொன்னது.

இரண்டு நூற்றாண்டு தள்ளி அதே மதுரைக்கு வரலாம்.

2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 அரசுப் பள்ளிகள், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 1,14,095 பிள்ளைகள், ஒதுக்கீடு ரூ.33.56 கோடி. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கிய விரிவாக்கத்தில் அது மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. காமராஜர் மதிய உணவு கொண்டுவந்த 1956இலிருந்தும், எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்த 1982இலிருந்தும் கணக்குப் போட்டால், தட்டுக்கும் பள்ளி வருகைக்கும் உள்ள உறவைத் தமிழ்நாட்டுக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் அளந்து பார்க்கவேண்டும் அல்லவா? மாநிலத் திட்டக் குழு பார்த்தது. திட்டத்துக்கு முந்தைய 2022 ஜூன், ஜூலை வருகையையும் 2023 ஜனவரி, பிப்ரவரி வருகையையும் ஒப்பிட்டதில், 1,543 பள்ளிகளில் 1,319இல் வருகை கூடியிருந்தது. செய்தித்தாள்கள் அதைத் தலைப்பாக்கின. நல்ல செய்திதான், சந்தேகமில்லை.

கல்வி ஆய்வு செய்கிறவர் இந்த இடத்தில் இரண்டு விஷயம் கேட்பார். ஜூன் மாதத்தைப் பள்ளி ஆசிரியர்கள் அறிவார்கள். சேர்க்கை முடிந்திருக்காது. பதிவேட்டில் பேர் இருக்கும், பிள்ளை ஆச்சி வீட்டிலிருந்து திரும்பியிருக்காது. வைகாசிக் கல்யாணங்களின் களைப்பு ஆனி வரைக்கும் நீளும். போதாததற்கு, 2022 ஜூன் என்பது கொரோனா அடைப்புக்குப் பிறகு வந்த முதல் முழுக் கல்வியாண்டின் தொடக்கம். அந்த ஜூனோடு எந்த ஜனவரியை ஒப்பிட்டாலும் ஜனவரி ஜெயிப்பதற்கு வாய்ப்பு அதிகம். இது உணவின் பலனை மறுக்கிற வாதமல்ல. கூடியதில் எவ்வளவு உணவால், எவ்வளவு நாட்காட்டியால் என்று பிரிக்க, முந்தைய ஆண்டுகளின் ஜூனும் ஜனவரியும், திட்டம் அப்போது வராத பக்கத்துப் பள்ளிகளின் ஜூனும் ஜனவரியும் வேண்டும். இது முழுக்க எண் வேலை.

இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. 1,543இல் 1,319ஐக் கழித்தால் 224. அந்த 224 பள்ளிகளில் என்ன நடந்தது?

தலைப்புச் செய்தி அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அளவுசார் ஆய்வையும் பண்புசார் ஆய்வையும் சேர்க்க விரும்புகிறவருக்கோ புதையல் அங்கேதான் இருக்கிறது. சில பள்ளிகளில் முன்பே எல்லாப் பிள்ளையும் ஒழுங்காக வந்திருக்கலாம், கூடுவதற்கு இடமே இல்லாமல் இருந்திருக்கலாம். சில ஊர்களில் அம்மை போட்டிருக்கலாம். சில இடங்களில் பெற்றோர் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ குடும்பத்தோடு போயிருக்கலாம், அப்படிப் போன பிள்ளைக்கு இங்கே பொங்கல் போட்டு என்ன பயன்? இந்தக் காரணங்கள் எல்லாமே பதிவேட்டில் ஒரே மாதிரிதான் தெரியும்: ஆப்சென்ட் என்ற ஒற்றைக் குறியாக.

மதுரைச் சமவெளியில் இதற்கு ஒரு தனி முகம் உண்டு, அது மல்லிகை. மொக்கு விரிவதற்கு முன், வெயில் ஏறுவதற்கு முன் பறித்து மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு ஏற்றவேண்டும். திருமங்கலம், உசிலம்பட்டி, திருப்பரங்குன்றம் பக்கம் பூ எடுக்கப் போகிற பெண்கள் விடியுமுன் தோட்டத்தில் நிற்பார்கள். பிள்ளையை எழுப்பி, தலைவாரி, நாலு வாய் ஊட்டிப் பள்ளிக்கு அனுப்பவேண்டிய நேரத்தில் அம்மா வீட்டில் இல்லை. காலை உணவு அந்த வீட்டுக்கு எத்தனை பெரிய காரியம் என்று அந்த அம்மாவைக் கேட்டால்தான் தெரியும். கேட்டபிறகு கணக்கிலும் ஒரு வேலை வரும். பனிக்காலத்தில் பூ வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் விலை ஏறும் என்பது ஊரறிந்தது. அப்போது பறிப்பும் குறைவு, அம்மாக்கள் காலையில் வீட்டில் இருக்கும் நாள் கூடுதல். பங்குனி, சித்திரையில் வரத்து குவியும். பூ எடுக்கும் ஊர்களில் பிள்ளைகளின் வருகை, பூ வரத்தோடு ஏறி இறங்குகிறதா? உணவு வந்தபின் அந்த ஏற்ற இறக்கம் தணிந்ததா? மாட்டுத்தாவணி வரத்துக் கணக்கையும் பள்ளி வருகையையும் மாதவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்த்துவிடலாம். இப்படி ஓர் ஒப்பீட்டை வைத்துப் பார்க்கலாம் என்ற யோசனையே, தோட்டத்தில் ஒரு பெண்ணோடு பேசாதவருக்குத் தோன்றாது.

கலப்பு முறை ஆய்வு என்றால் இதுதான். எங்கே போய்க் கேட்பது என்று எண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். கேட்டதை வைத்து, எதை எண்ணுவது என்று மாற்றவேண்டும். முடிந்தால் இன்னொரு சுற்றும் போகவேண்டும்.

பி.எட்., எம்.எட். கல்லூரிகள் நிறைந்த ஊர் மதுரை. 1966இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆய்வேடுகளுக்கும் குறைவில்லை. தமிழ்நாடு முழுக்கவே கல்வியியல் ஆய்வேடு என்றால் ஒரு வார்ப்பு உண்டு, அதைப் பார்க்காத ஆசிரியர் இருக்கமாட்டார். முந்நூறு மாணவர்களுக்கு வினாநிரல். ‘முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்’ என்பதிலிருந்து ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டம். ஆண் பெண், நகரம் கிராமம், அரசு தனியார் என்று பிரித்து டி டெஸ்ட், எஃப் டெஸ்ட். குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு, இல்லை. பின்னிணைப்பு, பைண்டிங், வைவா. ஒன்பதாம் வகுப்புப் பையன், தன் கணக்கு டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது, ‘எனக்குக் கணக்குப் பாடம் பிடிக்கும்’ என்ற வரிக்கு எதிரே எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பான்? அந்த டிக்குக்குத் தசம இரண்டாம் இடம் வரை சராசரி பார்ப்பதில் ஒரு நகைச்சுவை இருக்கிறது.

பண்புசார் பக்கத்திலும் எல்லாம் ஒழுங்காக இல்லை. மூன்று தாய்மாரிடமும் ஒரு ஹெச்.எம்.மிடமும் பேசிவிட்டு ‘பெற்றோர் கருதுகிறார்கள்’ என்று எழுதுவது எளிது. காலை உணவு வந்தபிறகு பிள்ளைகள் நேரத்துக்கு வருகிறார்கள் என்று கேட்ட இடமெல்லாம் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். எத்தனை பிள்ளை, எந்தப் பிள்ளை, முன்பு எத்தனை மணிக்கு வந்தது என்ற கேள்வி அங்கே வராவிட்டால், நல்ல மனிதர்களின் நல்ல நினைப்புதான் பதிவாகும். கேம்ப்பெல் நெசவு படுத்துப் பள்ளிகள் மூடின என்று எழுதியதும் அப்படித்தான் நிற்கிறது. படித்தால் நம்பத் தோன்றும். எத்தனை பள்ளி மூடியது என்று முந்தைய கணக்கு எதுவும் அவரிடம் இல்லாததால், ஆங்கிலேயர் ஆட்சியால் பள்ளிகள் அழிந்தன என்போரும் அதை மறுப்போரும் இன்றுவரை அதை வைத்துச் சண்டை போடுகிறார்கள்.

1989இல் அமெரிக்காவில் ஜெனிஃபர் கிரீன், வலேரி கராசெல்லி, வெண்டி கிரஹாம் என்ற மூவர், இரண்டு முறைகளையும் கலந்து செய்யப்பட்ட 57 மதிப்பீட்டு ஆய்வுகளை எடுத்து, எதற்காகக் கலந்தார்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஐந்து நோக்கம் கிடைத்தது. ஒன்று மற்றொன்றை உறுதிசெய்கிறதா என்று பார்ப்பது. ஒன்று விட்டதை மற்றொன்று நிரப்புவது. ஒன்றின் முடிவை வைத்து மற்றொன்றை வடிவமைப்பது. ஆய்வின் பரப்பை விரிப்பது. ஐந்தாவதாக, இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தைத் தேடிப்போவது. நம்மூர்க் கல்வி ஆய்வுகளில் கலப்பு முறை என்று பேர் போட்டு வருகிறவை பெரும்பாலும் முதல் நோக்கத்தோடு திருப்தி அடைந்துவிடுகின்றன. அட்டவணை ஒன்று சொல்லும், அதற்குக் கீழே ஓர் ஆசிரியரின் மேற்கோள் அதையே ஆமோதிக்கும். முரண்படுகிற மேற்கோள் கிடைத்தால் அது பின்னிணைப்புக்குப் போகும், அல்லது காணாமல் போகும்.

முரண் எவ்வளவு பயனுள்ளது என்பதற்குக் கொரோனாக் காலமே சாட்சி. பிரதம் அமைப்பின் முயற்சியில் 2005 முதல் வரும் அசர் ஆய்வு, கிராமத்துக்குப் போய், வீட்டு வாசலில் பிள்ளையை உட்காரவைத்து, எழுத்து, சொல், ஒரு பத்தி, ஒரு சின்னக் கதை என்று வாசிக்கச் சொல்லும். 2022 அறிக்கையில் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசித்தவர்கள் 4.8 சதவீதம். 2018இல் இது பத்து சதவீதத்தை ஒட்டி இருந்தது. எண் பயமுறுத்தியது, வாத்தியார்களைத் திட்ட ஒரு வசதியும் செய்துகொடுத்தது. அந்தப் பிள்ளைகள் யார் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் போதும். 2022இல் மூன்றாம் வகுப்பு என்றால் 2020இல் ஒன்றாம் வகுப்பு. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அ, ஆ எழுதவேண்டிய வயதில் அவர்கள் கரும்பலகையைப் பார்க்கவே இல்லை. மதுரை நகரத்துக்குள் என்றால் வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு எழுத்துத் தமிழ் அறிமுகமாகும் முதல் இடம் பள்ளிதான். அந்த இடமே ஒன்றரை ஆண்டுக்கும் மேல் பூட்டிக்கிடந்தது.

அதே காலத்தில் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை அளந்தார்கள். 2019இலேயே அதே ஊர்களில் எடுத்த கணக்கு அவர்கள் கையில் இருந்தது பெரிய அதிர்ஷ்டம். 2021 டிசம்பரில், இரண்டாண்டு முன்பு அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிடக் கணக்கில் 0.73 திட்ட விலக்கம், மொழியில் 0.34 பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது. அப்படி நிரம்பியதில் சுமார் 24 சதவீதத்துக்கு, தன்னார்வலர்களைக் கொண்டு அரசு நடத்திய மாலைநேர வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி காரணம் என்று கணித்தார்கள்.

24 சதவீதம் என்பது உறுதியான வேலை. அசரின் பயமுறுத்தும் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால், பிள்ளைகள் எவ்வளவு வேகமாக எழுந்தார்கள் என்பதையும் காட்டுகிறது. ஆனால் சாயங்காலம் கோயில் மண்டபத்திலோ வீட்டுத் திண்ணையிலோ அந்த ஒன்றரை மணி நேரத்தில் நடந்தது என்ன என்று அந்த எண்ணால் சொல்லமுடியாது. தன்னார்வலர் அதே தெருப் பெண், பிள்ளைக்கு அக்கா, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அக்கா சொல்லிக்கொடுத்ததால் வந்ததா, அக்காவிடம் பயமில்லாமல் தப்பாகப் படிக்க முடிந்ததால் வந்ததா, அடைந்துகிடந்த பிள்ளைகள் மறுபடி கூடி உட்கார்ந்ததால் வந்ததா? திட்டத்தைப் பிறகு வேறு எங்காவது நடத்தவேண்டும் என்றால் இந்த மூன்றில் எது என்பது முக்கியம். காரணம் மூன்றாவதுதான் என்றால் அட்டைகளுக்கும் பயிற்சி நூல்களுக்கும் செலவழிப்பதைவிட மண்டபத்துக்கு ஒரு மின்விசிறி போடலாம்.

இதையெல்லாம் பெரிய பல்கலைக்கழகங்கள்தான் செய்யவேண்டும் என்றில்லை. வருகை இப்போது செயலியில் தினமும் ஏறுகிறது, அந்த வேலையால் ஆசிரியர்கள் படும் எரிச்சல் தனிக் கதை. திருமங்கலம் ஒன்றியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஓர் எம்.எட். மாணவி, உரிய அனுமதியோடு இரண்டு ஆண்டு வருகையை மாதவாரியாகப் பிரித்தால், காலை உணவு வந்தும் அசையாத பள்ளிகள் சில தெரியவரும். மற்ற எண்களில் அவற்றை அச்சு அசலாக ஒத்திருந்தும் வருகை எகிறிய பள்ளிகளும் சில தெரியவரும். ஒவ்வொன்றிலும் மூன்றை எடுக்கலாம். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு வாரம் காலை எட்டு மணிக்கே போய் உட்காரலாம், யார் சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், யார் மணி அடித்தபின் ஓடிவருகிறார்கள் என்று பார்க்கலாம். சமைக்கும் சுய உதவிக் குழுப் பெண்களிடம் பேசலாம், எந்தக் கிழமை எந்தப் பாத்திரம் மிஞ்சுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் கேட்கவேண்டியதை வீட்டில்தான் கேட்கவேண்டும், பூ எடுத்து முடிந்த பத்து மணிக்கு மேல். பிறகு திரும்ப வந்து, கேட்டதில் கிடைத்த இரண்டு மூன்று காரணங்களைச் சின்ன வினாநிரலாக்கி ஒன்றியம் முழுக்கக் கொடுக்கலாம். அப்போது போடுகிற டி டெஸ்டுக்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே கருதுகோள்களை எண்ணிட்டு எழுதித் தரவேண்டும், களத்துக்குப் போனபின் கேள்வியை மாற்றினால் வழிகாட்டிக்கு விளக்கம் சொல்லவேண்டும். வைவாவில் முதல் கேள்வி சாம்பிள் எத்தனை என்பதாகத்தான் இருக்கும். ஆறு பள்ளி என்று பதில் சொல்கிற மாணவியைத் தேர்வாளர் எப்படிப் பார்ப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆறு பள்ளிகளை ஒன்றியத்தின் எல்லாப் பள்ளிகளின் கணக்கிலிருந்து எப்படிப் பொறுக்கினாள் என்று அடுத்த கேள்வி வந்தால், பேச்சு சூடு பிடிக்கும்.